2014 ஸ்விஃப்ட் டீசல்: என்ஜினை எப்படிப் பார்த்து வாங்குவது?

வணக்கம் நண்பர்களே. அம்மாவைச் சிகிச்சைக்காக வாரம் இருமுறை தாராபுரத்திலிருந்து கோவைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அதற்காக 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மீட்டர் 1,18,000 கி.மீ. காட்டுகிறது.

1248 சிசி, ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட் என்ஜின், நன்றாக உழைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால்தானே அது? விற்பவரிடம் 70,000 கி.மீ.க்குப் பிறகு சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை.

நேற்று நான் போவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தார். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் சில கோளாறுகள் தெரியும்; அதுதான் உறுத்துகிறது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன்; மெல்ல ஆடியது, தூக்கி எறியவில்லை; உள்ளே காற்றழுத்தம் அதிகமில்லை என்று நினைக்கிறேன். ஆயில் கறுப்பாக இருந்தது. டீசலில் அது வழக்கம்தான். கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க உதவும் சங்கிலி) தளர்ந்திருந்தால் முதல் சில நொடிகளில் சத்தம் எப்படி இருக்கும்? டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) ஆயில் தள்ளுகிறதா என்று பார்க்க எந்தக் குழாயைக் கழற்ற வேண்டும்? டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலை (ரிட்டர்ன்) பாட்டில் கட்டி அளந்து பார்ப்பது போதுமா, கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவியும் வேண்டுமா?

அப்புறம், உடுமலை, தாராபுரம் பக்கம் டீசல் வேலை தெரிந்த மெக்கானிக் அண்ணன் யாராவது கூட வர முடிந்தால் சொல்லுங்கள், கூலி கொடுத்துவிடுகிறேன். அம்மாவை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்கக் கூடாது. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.