டைவிங் ட்ரிப்புக்கு போனி பாட்டில் (அவசரத்துக்கு வச்சுக்கற சின்ன உதிரி காத்து சிலிண்டர்) எப்படி ஏற்பாடு பண்றீங்க?

வணக்கம் நண்பர்களே, ஸ்கூபா பண்றவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. போன ட்ரிப்ல 28 மீட்டர் ஆழத்துல என் ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்தை மூச்சு விடற மாதிரி தர்ற கருவி) ஃப்ரீ ஃப்ளோ ஆகி காத்து நிக்காம கொட்ட ஆரம்பிச்சுடுச்சு, முகத்துக்கு முன்னாடி வெறும் குமிழிதான், கேஜ் முள்ளு கண்ணெதிர்லயே இறங்குது, கூட வந்தவர் பத்து மீட்டர் தள்ளி அந்தப் பக்கம் திரும்பி மீனை போட்டோ எடுத்துட்டு இருக்கார். எப்படியோ அவரைப் பிடிச்சு அவரோட ஆக்டோபஸ்ல (அவசரத்துக்குன்னு இருக்கற ரெண்டாவது மவுத்பீஸ்) மூச்சு விட்டு மேல வந்துட்டேன், ஆனா அந்த அரை நிமிஷம் இன்னும் மனசை விட்டுப் போகல.

கையடக்கமா 3 கன அடி ஸ்பேர் ஏர்னு ஒரு குட்டி அவசர சிலிண்டர் பார்த்தேன், மொத்தமே 85 லிட்டர் காத்துதான். 30 மீட்டர்ல 4 பார் அழுத்தம், அப்ப நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கறவருக்கே அது ஒரு நிமிஷம்தான் வரும், பதட்டத்துல அதுவும் வராது. 3 லிட்டர் போனின்னா 200 பார்ல 600 லிட்டர், மெதுவா ஏறி 5 மீட்டர்ல பாதுகாப்புக்காக 3 நிமிஷம் நிக்கவும் போதும்.

சிக்கல் ஃப்ளைட்தான். காலியா, பல இடங்கள்ல வால்வைக் கழட்டித்தான் கொண்டு போகணும், போன இடத்துல ஓ-ரிங் (காத்து கசியாம இருக்கற ரப்பர் வளையம்) பார்த்து திரும்ப மாட்டணும், ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தம் தாங்குதான்னு பார்க்கற சோதனை) தேதி தாண்டியிருந்தா நிரப்பவும் மாட்டாங்க. அதனால ரெகுலேட்டர், சின்ன கேஜ், மாட்டுற பட்டை மட்டும் எடுத்துட்டுப் போய் சிலிண்டரை அங்கயே வாடகைக்கு எடுக்கலாமான்னு யோசிக்கிறேன். யாராவது அப்படிப் பண்ணியிருக்கீங்களா? முன்கூட்டியே அவங்ககிட்ட என்னென்ன கேட்டுக்கணும்? என் ரெகுலேட்டர் டின் (வால்வுக்குள்ள திருகி மாட்டுற வகை), அங்க யோக் வால்வா (வெளியில கவ்வி மாட்டுற வகை) இருந்தா என்ன பண்றது? பக்கத்துல தொங்க விடுறதா, முதுகு டேங்கோட கட்டுறதா, எது உங்களுக்கு வசதியா இருந்துச்சு?