ஜிஸிப் பண்ண ஃபைல் ரேண்டமா? சீனியர் சொல்றது சரியா?

சுக்குகாப்பி:
ஆபீஸ்ல ஒரு சிமுலேஷன் டூலுக்கு ரேண்டம் பைட் வேணும். சீனியர் சொல்றாரு, பெரிய லாக் ஃபைல் ஒண்ணை ஜிஸிப் (ஃபைலைச் சுருக்குற கம்ப்ரெஸ்ஸர்) பண்ணி முன்னாடி கொஞ்சம் வெட்டிட்டு நடுவுல இருந்து எடுத்துக்கோ, என்ட்ரோபி (பைட்டெல்லாம் எவ்வளவு கணிக்க முடியாம கலைஞ்சிருக்குன்னு அளக்குற நம்பர்) பைட்டுக்கு 7.999 பிட் காட்டுது, அதிகபட்சமே 8 தானே, இதுக்கு மேல என்ன வேணும்னு. கேட்க சரியாத்தான் இருக்கு, ஆனா எங்கேயோ இடிக்குது. யாராச்சும் விளக்குங்க.

மொட்டைமாடி:
சீனியர் சொல்றது சரிதான் பாஸ். கம்ப்ரெஸ்ஸரோட வேலையே டேட்டால திரும்பத் திரும்ப வர்றதைப் புடிச்சு வெளிய தள்றது. வந்த ஃபைல்ல இன்னும் பேட்டர்ன் மிச்சம் இருந்தா அதையும் சுருக்கியிருக்கலாமே? சுருக்க முடியலன்னா பேட்டர்ன் இல்ல, பேட்டர்ன் இல்லன்னா ரேண்டம். நம்பிக்கை இல்லன்னா ஜிப்பை மறுபடி ஜிப் பண்ணிப் பாருங்க, ஒரு பைட் குறையாது, கூடத்தான் செய்யும்.

பைட்டுப்பையன்:
"சுருக்க முடியல"ன்னு சொல்றது யாரு, ஜிஸிப் தானே? அதுக்கு எவ்வளவு தூரம் கண்ணு தெரியும்னு பாருங்க. உள்ள ஓடுற டிஃப்ளேட்ங்கிற சுருக்குற முறை பின்னாடி 32 கேபி வரைக்கும் திரும்பிப் பார்த்து, 3ல இருந்து 258 பைட் நீளத்துக்கு இதே துண்டு ஏற்கனவே வந்திருக்கான்னு தேடும், கிடைச்சதை ஹஃப்மன் கோட்ல (அடிக்கடி வர்றதுக்குக் குட்டி கோட், அபூர்வமா வர்றதுக்கு நீள கோட்) எழுதும், அவ்வளவுதான். அதுக்குப் புடிபடாததெல்லாம் இல்லவே இல்லன்னு ஆயிடுமா?

அப்புறம் அந்த "ஒரு பைட் குறையாது". 1 ஜிபி வெறும் சைபரை ஜிஸிப் பண்ணுங்க. 258 பைட்டுக்கு 2 பிட்தான் செலவு, அதாவது 1032ல ஒரு பங்கு, சுமார் 1 எம்பி வரும். அந்த 1 எம்பியைத் திரும்ப ஜிஸிப் பண்ணுங்க, சில கேபில வந்து நிக்கும். ரேண்டமாம்!

மொட்டைமாடி:
சைபரை எவன் பாஸ் ஜிப் பண்ணுவான், நிஜ டேட்டால பேசுங்க. நம்ம தமிழ் டெக்ஸ்ட்டையே எடுங்க, யூடிஎஃப்-8ல (எழுத்தைப் பைட்டா எழுதுற முறை) ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், முதல் பைட் எப்பவும் 224, ரெண்டாவது 174 இல்லன்னா 175, மூணாவதுலதான் விஷயமே இருக்கு. எந்த பைட் எத்தனை தடவை வருதுன்னு ஹிஸ்டோகிராம் போட்டா மூணு கொம்பு முளைச்ச மாதிரி நிக்கும். ஜிஸிப் பண்ணிட்டு அதே ஹிஸ்டோகிராம் போடுங்க, களிமண் தரை மாதிரி சமமா இருக்கும். 7.999ங்கிறது சும்மா வர்ற நம்பரா?

பைட்டுப்பையன்:
சரி அந்த 7.999-ஐயே எடுத்துக்குவோம். கண்ணுக்கு 8 மாதிரி தெரியுது, அங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். 10 லட்சம் பைட் நிஜமாவே ரேண்டமா இருந்தா என்ட்ரோபி 7.9998 பக்கத்துல வரணும். இதையே கை-ஸ்கொயர்ல, அதாவது ஒவ்வொரு பைட்டும் வர வேண்டிய அளவுல இருந்து எவ்வளவு விலகுதுன்னு கூட்டிச் சொல்ற கணக்குல பாருங்க, 256 பைட் மதிப்பு, அதுல ஒண்ணு குறைச்சு ரேண்டம் ஃபைலுக்கு சராசரி 255 வரணும், மேல கீழ ஒரு 23 ஆடலாம். 8ல இருந்து 0.001 பிட் குறைஞ்சா 10 லட்சம் பைட்ல கை-ஸ்கொயர் எவ்வளவு தெரியுமா, சுமாரா 1386. 255 வர வேண்டிய இடத்துல! என்ட்ரோபி நம்பரை மட்டும் பார்த்துட்டு ரேண்டம்னு சொல்றது, தூரத்துல இருந்து சுவரைப் பார்த்துட்டு ரசமட்டம் வைக்காமலே நேரா இருக்குன்னு சொல்ற கதைதான்.

கோணல் எங்க இருந்து வருதுன்னு கேப்பீங்க. ஒரே வரியை டிஃப்ளேட்ல பல விதமா எழுதலாம், எழுத்து எழுத்தா எழுதலாம், முன்னாடி வந்த துண்டைக் காட்டி எழுதலாம், அதுக்கும் முன்னாடி வந்ததைக் காட்டலாம், எல்லாத்தையும் டீகோடர் (திரும்ப விரிக்கிற புரோகிராம்) ஏத்துக்கும். ஆனா ஜிஸிப் எப்பவும் அதோட வழக்கப்படி ஒரு விதமாத்தான் எழுதும். மத்ததெல்லாம் வெளிய வரவே வராது. அந்த இடமெல்லாம் காலியாவே கிடக்கு, அப்புறம் எப்படி எல்லா பிட் வரிசையும் சமமா வரும்?

கணக்குவாத்தியார்:
ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பத்தி சண்டை போடுறீங்க, அதான் முடியல.

மொட்டைமாடி தம்பி சொல்ற தத்துவம் தப்பில்ல, ஆனா அதுக்கு மாடல், அதாவது எது எவ்வளவு வரும்னு கம்ப்ரெஸ்ஸர் போடுற ஊகம், டேட்டாவோட கச்சிதமாப் பொருந்தணும். நாலு எழுத்து, 1/2, 1/4, 1/8, 1/8 நிகழ்தகவுல ஒண்ணை ஒண்ணு சாராம வருதுன்னு வைங்க. ஹஃப்மன் கோட் 0, 10, 110, 111. வெளிய வர்ற ஒவ்வொரு பிட்டும் காசு சுண்டுற மாதிரி சரி பாதி, இதுல சந்தேகமே இல்ல. இப்போ ரெண்டே எழுத்து, 90%, 10%. ஷானன் கணக்குல (குறைஞ்சபட்சம் எத்தனை பிட் வேணும்னு சொல்ற என்ட்ரோபி கணக்கு) எழுத்துக்கு 0.47 பிட் போதும், ஆனா ஹஃப்மனால ஒரு பிட்டுக்குக் கீழ இறங்க முடியாது, ஒண்ணுக்கு 0, இன்னொண்ணுக்கு 1. வெளிய வர்றதுல 90% சைபர். கம்ப்ரெஸ் பண்ணியாச்சு, கோணல் அப்படியே இருக்கு.

இன்னொண்ணு. டெஸ்ட்ல பாஸ் ஆனாலும் ரேண்டம்னு அர்த்தமில்ல. வட்டக் கணக்குல வர்ற பை-யோட (3.14159...) இலக்கங்கள் தெரிஞ்ச டெஸ்ட் எல்லாத்துலயும் நல்லாவே தேறுது, ஆனா சின்ன புரோகிராம் ஒண்ணு எழுதினா எவ்வளவு வேணும்னாலும் கக்கும்.

மொட்டைமாடி:
அப்போ தத்துவம் சரின்னு வாத்தியாரே ஒத்துக்கிட்டாரு 😄 ஜிஸிப் மட்டம்னா எக்ஸ்இஸட்ங்கிற இன்னொரு கம்ப்ரெஸ்ஸரைப் போடுங்க, அதுல ரேஞ்ச் கோடர், பிட்டைத் துண்டு துண்டாப் பங்கு போடும், 90-10 பிரச்சனையே வராது.

பைட்டுப்பையன்:
வாத்தியார் சொன்னதுல பாதியை மட்டும் படிச்சிருக்கீங்க. எக்ஸ்இஸட் கிட்ட நெருங்கும், மறுக்கல. ஆனா மாடல் எவ்வளவு நல்லா ஊகிக்குதோ அவ்வளவுதான் கோடரும். அதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு, சுருக்குறதால புதுசா ஒரு துளி ரேண்டம் கூடப் பிறக்காது. லாக் ஃபைல் யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட உங்க "ரேண்டம்" பைட் எல்லாம் இருக்கு, ஒரே கமாண்ட்தான். நாளைக்கு இதையே எவனாச்சும் பாஸ்வேர்டுக்கு எடுத்துட்டுப் போவான். லினக்ஸ்ல ரேண்டம் பைட் தர்றதுக்குன்னே யூரேண்டம்னு ஒண்ணு சும்மாவே கிடக்கு, அதை விட்டுட்டு எதுக்கு இவ்வளவு சுத்து?

சுக்குகாப்பி:
எல்லாருக்கும் நன்றி. லாக்கை ஜிஸிப் பண்ணி நடுவுல இருந்து 10 லட்சம் பைட் எடுத்து கை-ஸ்கொயர் போட்டேன், ஆயிரத்தைத் தாண்டிருச்சு. யூரேண்டம்ல அதே அளவு எடுத்தேன், 255ஐ ஒட்டியே வந்துச்சு. சீனியர்கிட்ட ரெண்டையும் காட்டினேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்துட்டு "10 ஆயிரம் பைட் மட்டும் எடுத்துப் போடு"ன்னாரு. போட்டா பாஸ் ஆகுது! இது எப்படி?

பைட்டுப்பையன்:
1386ல 255 போனா 1131, அதுதான் கோணலோட பங்கு. ஃபைல் பெருசானா அதுவும் கூடவே வளரும். ஃபைலை நூத்துல ஒரு பங்காக் குறைச்சா அது 11 ஆயிடும், 23 ஆடுற இடத்துல 11 எங்க தெரியப் போகுது. சீனியருக்குக் கணக்கு நல்லாவே தெரியுது.