எஃப்10 இல்லாத மீளுருவாக்கத்துக்குக் காசு கொடுக்கலாமா?

வாவிமீன் (கல்லடி):

முந்தின இழையில் தேத்தண்ணி தங்கச்சி இப்படி எழுதியிருந்தா: "மங்கி ஐலண்டை இனிப் பழைய வடிவத்தில் தேடுறது வீண் வேலை. 2009இல் வந்த சிறப்புப் பதிப்பே போதும்." பதில் நீளும் என்பதால் தனி இழை.

மங்கி ஐலண்ட் என்ற சாகசக் கணினி விளையாட்டின் 1990 மூலத்தை 2009இல் திரும்ப வரைந்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எஃப்10 விசையை அமர்த்தினால் நிற்கிற இடம் அப்படியே பழைய படமாக மாறும். கதாநாயகன் கைப்ரஷ்ஷின் புதுத் தலைமுடி கண்ணுக்குப் பிடிக்கவில்லையா, அமர்த்திவிட்டு ஆடலாம். ஒரு குறை மட்டும்: பழைய படத்துக்குப் போனால் புதுக் குரல்கள் நின்றுவிடும். 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதைச் சரிசெய்தார்கள். 2016இல் வந்த டே ஆஃப் த டென்டக்கிள் இன்னும் ஒரு படி மேலே: படம், ஒலி, கட்டளைப் பட்டை மூன்றையும் தனித்தனியாகப் பழசு, புதுசு என்று மாற்றலாம்.

இதுக்கு நேர்மாறு 2022இல் வந்த பிளேட் ரன்னர். 1997இன் மூல நிரல் தொலைந்துபோனதால் பின்னோக்கிப் பிரித்தெடுத்து மேம்படுத்தினார்கள். மழையும் புகையும் நியான் வெளிச்சமும்தான் அந்த விளையாட்டுக்கு உயிர். மேம்படுத்தியதில் பின்னணியின் நுணுக்கமெல்லாம் மங்கிப்போனது. அதைவிட மோசம், பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டுகிற ஸ்கம்விஎம் என்ற மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பைக் கடையில் தனியாக வாங்க முடியாமல் ஆக்கியது. ஆட்கள் எதிர்த்த பிறகுதான் அது திரும்பி வந்தது.

பழசு கூடவே வராத மீளுருவாக்கத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் நிலை.

தேத்தண்ணி (களுவாஞ்சிக்குடி):

அண்ணன், நீங்க படத்தை மட்டும் பார்க்கிறீங்க. நான் சொன்னது ஆட்டத்தைப் பற்றி.

மங்கி ஐலண்டின் முதல் பதிப்பில் திரைக்குக் கீழே 12 வினைச்சொல். திற, மூடு, தள்ளு, இழு, போடு, நிப்பாட்டு என்று வரிசையாக நிற்கும். இன்றைக்கு ஃபோனில் விரலால் ஆடுகிற பிள்ளைக்கு அந்தப் பட்டை திரையில் காற்பங்கை விழுங்குது. அதை ஒதுக்கினால் என்ன நட்டம்?

அடுத்தது, பழைய பிழை பழசானதால சரியாகிவிடாது. கிங்ஸ் குவெஸ்ட் 5ஐ எடுங்க, அதுவும் 1990தான். ஒரு பூனை எலியைத் துரத்தும். அந்தச் சில வினாடிக்குள்ளே பழைய சப்பாத்தை எறிந்து எலியைக் காப்பாற்றாவிட்டால், பிறகு சத்திரத்து நிலவறையில் கட்டிப்போடும்போது கயிறு கடிக்க எலி வராது. ஆட்டம் முடிஞ்சுது. எங்கே பிழைத்தது என்று ஒரு குறிப்பும் கிடையாது. பசிக்கு கஸ்டர்ட் பையைத் தின்றால் பனிமலையில் யெட்டி வரும்போது கையில் எறிய ஒன்றுமில்லை. இப்படியான முட்டுச்சந்தெல்லாம் பிழை என்று ரொன் கில்பர்ட் 1989இலேயே கட்டுரை எழுதிவிட்டுத்தான் மங்கி ஐலண்டைச் செய்தார். புரோக்கன் சோர்டின் ஆட்டுப் புதிர் முட்டுச்சந்து இல்லாவிட்டாலும் பிழைதான். அதுவரைக்கும் யோசித்து யோசித்து ஆடவிட்டு, திடீரென்று ஆடு முட்டி விழுத்தின கையோடு ஓடிப்போய்ப் பக்கத்து இயந்திரத்தைச் சொடுக்கச் சொல்லும். பிறகு வந்த இயக்குநர் பதிப்பில் அதை இலகுவாக்கினார்கள். நல்ல காரியம்.

வாவிமீன்:

முட்டுச்சந்து விசயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புரோக்கன் சோர்டின் 2024 பதிப்பைப் பாருங்கள். 1996இன் மூலத்தைத்தான் அடியாக எடுத்தார்கள். உதவியோடு ஆடவும் வழி வைத்தார்கள், பழைய கடினத்தோடு ஆடவும் வழி வைத்தார்கள். ஆட்டைக் கட்டிப்போட ஆட்டத்தை வெட்டத் தேவையில்லை.

"பழைய படம் சப்பிக் கிடக்குது" என்று முந்தின இழையில் சொன்னீர்களே, அது படத்தின் பிழையில்லை. 320×200 புள்ளிகள் கொண்ட படம் அந்தக் காலத்தில் 4:3 திரையை முழுக்க நிரப்பியது. அப்படியென்றால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். இன்றைய திரையில் புள்ளி சதுரம். திருத்தாமல் ஓடவிட்டால் மங்கி ஐலண்டில் மீலே தீவின் நிலவு முட்டை மாதிரி அகலமாகத் தெரியும், ஆட்களெல்லாம் குட்டையாவார்கள். நிலவு வட்டமாக வரும்வரை ஆடத் தொடங்காதீர்கள். அதுதான் அளவுகோல்.

ஸ்கம்விஎம்மில் விளையாட்டைத் தெரிவுசெய்து, கிராஃபிக்ஸ் பக்கத்தில் விகிதத் திருத்தத்தைப் போடுங்கள். ஆட்டத்துக்குள்ளே இருந்தால் கண்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அமர்த்தலாம். 1366×768 மடிகணினியில் முழுத்திரைக்கு இழுத்தால் 1024×768 வரும். கிடையாக 3.2 மடங்கு, நெடுக்காக 3.84 மடங்கு. முழு எண் இல்லாததால் சில புள்ளி தடிப்பாகவும் சில மெல்லிசாகவும் விழும். நடக்கும்போது முகம் நெளிகிற மாதிரி இருப்பது அதனால்தான். கிடையாக 3 மடங்கில் நிறுத்தி 960×720 ஆக, சுற்றிக் கறுப்பு விளிம்போடு ஆடுவது நல்லம், நெடுக்காக 3.6தான் வரும் என்றாலும். சரியாகப் பொருந்துவது 1600×1200: கிடையாக 5, நெடுக்காக 6. அந்தத் திரை இருக்கிறவர் அதிர்ஷ்டசாலி.

காரைதீவு386:

இரண்டு பேரும் மூலம் மூலம் என்கிறீங்க. இரண்டு பேரும் ஆடுறது மூலமில்லை.

எஃப்10ஐ நம்புகிற வாவிமீன் அண்ணனுக்கு முதலில். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது குரங்குகள் இசைக்கு ஆடுமே, 2010 சிறப்புப் பதிப்பில் அந்தக் காட்சி இல்லை. பழைய வடிவத்துக்கு மாறினாலும் இல்லை. ஆகவே எஃப்10 காட்டுவது மூலத்தை அல்ல. மூலம் என்று அவர்கள் விட்டுவைத்ததை.

ஸ்கம்விஎம்மும் பழைய கணினியைப் போலி செய்வதில்லை. 2001இல் தொடங்கி, இந்த விளையாட்டுகளை ஓட்டிய ஸ்கம் என்ற மென்பொருள் இயந்திரத்தையே புதிதாக எழுதி, பழைய தரவுக் கோப்புகளை அதில் ஓட்டுகிறார்கள். அருமையான வேலைதான். ஆனால் ஒலியைக் கவனியுங்கள். அட்லிப் ஒலியட்டையில் இருந்தது யமஹாவின் ஒரு சில்லு, 9 குரல். ரோலன்ட் எம்டி-32 என்ற ஒலிப்பெட்டி 1987இல் வந்தது, அது வேறு உலகம். ஸ்கம்விஎம்மில் எம்டி-32ஐத் தெரிவுசெய்துவிட்டு "சத்தமே வரல்ல" என்று நிற்கிறவர்கள் கனபேர். அந்தப் பெட்டியின் நினைவகக் கோப்புகளான கட்டுப்பாட்டு ரோம் 64 கேபி, ஒலி ரோம் 512 கேபி, இரண்டும் இல்லாமல் அது வேலை செய்யாது. அந்தக் கோப்புகளின் உரிமை ரோலன்டிடம், அதனால் ஸ்கம்விஎம் கூடவே தருவதில்லை.

இரண்டாம் பாகத்தின் வுட்டிக் ஊரில் ஒரு கடைக்குள்ளே நுழைந்து பாருங்கள். பாட்டு நிற்காமல், தாளம் தவறாமல், அந்தக் கடைக்குரிய வாத்தியத்துக்கு மாறும். வெளியே வந்தால் பழைய மெட்டுக்குத் திரும்பும். ஐம்யூஸ் என்ற முறை அது. சுரக்குறிப்பாக இசை இருந்ததால்தான் அந்த ஒட்டு தெரியாமல் விழுந்தது. பதிவு செய்த இசையில் அதே ஒட்டை வைப்பது லேசில்லை. கண்ணாடிக் குழாய்த் திரையும் அட்டையும் வைத்து ஆடுகிறவனுக்குத்தான் இது முழுசாக விளங்கும்.

அக்கரை நானா:

386 தம்பி, நீங்க சொல்றது உண்மைதான். ஆனா நம்ம கரையில பழைய கணினிப் பெட்டி வெச்சிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. உப்புக்காத்து ஒரு பக்கம், மாரி ஈரம் ஒரு பக்கம்.

பழைய 386, 486 பலகையில உருளை மாதிரி ஒரு பற்றரி ஒட்டியிருக்கும், 3.6 வோல்ட். அது கசிஞ்சா காரம், செம்புக் கோட்டைத் தின்னும். விசைப்பலகை வேலை செய்யல்ல என்று வாற பலகையில முதல்ல அந்த மூலையைப் பாருங்க, பச்சை படிஞ்சிருக்கும். பற்றரிய வெட்டி எடுத்துட்டு, வெள்ளை வினாகிரியப் பஞ்சில தொட்டு ஒத்துங்க. நுரை அடங்கினாப் பிறகு வடிச்ச தண்ணியால கழுவி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால துடைச்சு, நல்லாக் காய விடுங்க. புதுசா 3 வோல்ட் நாணயப் பற்றரி போடுறவங்க ஒரு டயோட்டையும் தொடர்ல வைங்க. அந்தப் பலகை பற்றரிக்கு மின்னேற்றும், டயோட் இல்லாட்டி நாணயப் பற்றரி வீங்கி வெடிக்கும். வெளிநாட்டுப் பெட்டியா இருந்தா, செருகுறதுக்கு முன்னால பின்பக்கத்துச் சிவப்பு ஆளியப் பாருங்க. 115ல கிடந்தா நம்ம 230 வோல்ட்டுக்குப் பட்டென்று போயிடும்.

அதை விட முக்கியம் ஃப்ளொப்பித் தட்டு. 3.5 அங்குலத் தட்டின்ட தகட்டை ஒதுக்கி, நடு வட்டத்தைச் சுத்திக்கொண்டே வெளிச்சத்தில பாருங்க. வெள்ளைப் புள்ளியோ மங்கல் வளையமோ தெரிஞ்சா பூஞ்சணம். அதோட இயக்கியில போட்டா தலையில ஒட்டும், அடுத்து போடுற நல்ல தட்டையும் கீறும். ஒரு தட்டோட போற நட்டம் பத்துத் தட்டுக்குப் போகும். முதல்ல துடைச்சுக் காயவெச்சு, பிறகு வாசிங்க. 1.44 எம்பி தட்டென்டா எடுத்த பிரதி 1,474,560 பைட் இருக்கணும்: 80 தடம், 2 பக்கம், 18 பிரிவு, 512 பைட். குறைஞ்சா வாசிப்பு பாதியில நின்டிருக்கு. பெட்டியப் பிறகு தேடலாம், தட்டை இண்டைக்கே பிரதி எடுங்க.

தேத்தண்ணி:

நானா சொல்றதிலேயே என் பதில் இருக்கு. பூஞ்சணம் தின்கிற தட்டை எத்தனை பேர் வாசிக்க முடியும்?

நம்ம ஊரிலேயே இதே விவாதம் நடந்திருக்கு. வட்டக்களரியில் விடிய விடிய ஆடின கூத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் சுருக்கி மேடையேற்றினார். கர்ணன் போர், இராவணேசன் என்று வந்தது. விடியும்வரை இருந்து பார்த்தே இராத ஆட்கள் கூத்தைப் பார்த்தார்கள், வடமோடி என்ற கூத்து வகை என்னவென்று விளங்கிக்கொண்டார்கள். சுருக்கினதால் கூத்து செத்ததா? மீளுருவாக்கம் இல்லாவிட்டால் மங்கி ஐலண்ட் நாலு பேருக்குள்ளே கிடந்து மறைந்துபோகும்.

வாவிமீன்:

நல்ல உதாரணம் எடுத்தீங்க தங்கச்சி, அதை வைத்தே சொல்கிறேன். பேராதனையில் சுருக்கி ஆடியபோது இங்கே ஊர்களில் விடிய விடிய ஆடுவது நிற்கவில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் இருந்தார்கள், களரி இருந்தது, கூத்துக் கொப்பி இருந்தது. சுருக்கியது எதை விட்டது என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் ஊருக்குப் போய்ப் பார்க்கலாம். பிளேட் ரன்னரில் நடந்தது அதுவல்ல. மேடைக்கூத்துக்குச் சீட்டு வாங்காமல் களரிக்குள்ளே போகேலாது என்று வாசலைச் சாத்தியது.

386 தம்பி சொன்ன குரங்கு ஆட்டம் எனக்கு உறைத்தது. எஃப்10 போதாது. தலைப்பை மாற்ற ஏலாது, நிலையை மாற்றுகிறேன்: மூலத்தின் தரவுக் கோப்பு கைக்கு வரவேண்டும். முதல் பாகத்தின் சிறப்புப் பதிப்பில் வருகிறது. மங்கி1.பாக் என்ற பெரிய கோப்புக்குள்ளே .000, .001 என்று முடிகிற பழைய கோப்பு இரண்டும் கிடக்கின்றன. பிரித்தெடுத்து ஸ்கம்விஎம்மில் சேர்க்கலாம். இறுவட்டுப் பதிப்பு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கோப்புகளை மட்டும் பிரதி செய்தால் இசை வராது. அது ஒலித்தடங்களாகத் தனியே இருக்கிறது, அதையும் இறக்க வேண்டும்.

காசு கொடுக்காமல் பழகிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 1994இன் பினீத் எ ஸ்டீல் ஸ்கை. 2003இல் அதை இலவசமாக்கினார்கள், ஸ்கம்விஎம் தளத்திலேயே இருக்கிறது.

தேத்தண்ணி:

தரவுக் கோப்பு கைக்கு வரட்டும் என்பதை ஏற்கிறேன். ஆனா என் கடைசிக் கேள்வி அதிலேயே நிற்குது. பழைய கோப்பில் தமிழ் வருமா? புதுப் பதிப்பென்றால் எழுத்துருவை மாற்றலாம். உங்கட 320×200இல் எழுத்து 8 வரி உயரம். கீயின் சுழியும் ணுவின் கீழ்வளைவும் எங்கே போகும்?

காரைதீவு386:

வரும். கணினியில் தமிழ் தட்டின பழைய பாமினி எழுத்துரு எப்படி வந்ததோ அப்படி.

247 எழுத்துக்கும் 247 இடம் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18, புள்ளி வைத்தது 18, உகர ஊகாரம் 36, கால், கொம்பு, சுழி எல்லாம் ஏழு, டி, டீ இரண்டு. கூட்டினால் 94. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டினால் ஒரு பைட் எழுத்து அட்டவணைக்குள்ளே அடங்கும். இரண்டு இடத்தை முக்கியமாகத் தொடாதீங்க. 255 கட்டளைக் குறி, அதில் எழுத்தை வைத்தால் வசனம் பாதியில் உடையும். அட் (@) குறி பொருள்களின் பெயரை நிரப்புகிற குறி, இயந்திரம் அதை விழுங்கிவிடும், எழுத்துக் காணாமல் போகும்.

உயரம்தான் சிக்கல். 8 வரியில் முடியாது, குறைந்தது 12 வேண்டும். ஜப்பானிய எஃப்எம் டவுன்ஸ் கணினிக்கான பதிப்பில் படத்தை 320இலேயே விட்டு, எழுத்துக்கு மட்டும் இருமடங்கு நுணுக்கமான அடுக்கு வைத்தார்கள். ஸ்கம்விஎம்மில் அந்த அடுக்கு ஏற்கெனவே இருக்கு. அதில் 16 வரி கிடைக்கும், ணுவும் கீயும் நெரிசலில்லாமல் நிற்கும். பகிரும்போது திருத்தக் கோப்பை மட்டும் கொடுங்க, விளையாட்டின் தரவைச் சேர்க்காதீங்க.

தேத்தண்ணி:

அப்படியென்றால் எழுத்துருவை நான் வரைகிறேன். ககர வரிசை முதலில், ஞாயிற்றுக்கிழமை போடுறன். 16 வரியில் மேலே 3, கீழே 4 விட்டால் நடுவில் 9 மிஞ்சும், ஜகாரமும் ஷகாரமும் சேர்த்தால் இடம் போதுமா என்று யாராவது பாருங்க.

ஆனா இரண்டாம் பாகத்தைத் தொடுறதுக்கு முன்னால ஒன்று யோசிக்க வேணும். மயங்கின குரங்கை எடுத்து நீர்க்குழாயைத் திருகுற புதிர். ஆங்கிலத்தில் அந்தக் கருவிக்கு மங்கி ரெஞ்ச் என்று பெயர், புதிர் முழுக்க அந்தப் பெயரில்தான் தொங்குது. நம்ம பக்கம் எல்லாரும் அதை ஸ்பானர் என்றுதான் சொல்றது. குரங்குப்பிடி என்று ஒரு சொல்லை முன்னாலேயே, தச்சன்ட கடையிலயோ கப்பல்லயோ, யாரோ ஒருத்தர் வாயில வைத்துவிட்டால் புதிர் நியாயமாகும். அப்படி ஒரு வரி சேர்க்கிறது மொழிபெயர்ப்பா, மீளுருவாக்கமா? வாவிமீன் அண்ணன் சொல்லட்டும்.

வாவிமீன்:

சேருங்க. கோப்பில் அந்த வரியைத் தனியாகக் குறித்து, அணைக்கவும் ஒரு வழி வைங்க.