தமிழ் உடையாமல் காட்டிய பிரவுசர் எது? மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

கல்லடிப்பாலம் எழுதியது:

2005இலிருந்து 2013 வரை புளியந்தீவில் சின்னதாக ஒரு நெட் கபே வைத்திருந்தேன். ஆறு கொம்பியூட்டர், எல்லாவற்றிலும் விண்டோஸ் எக்ஸ்பி, 256 எம்பி ராம். எந்த பிரவுசரை வைப்பது என்று எனக்கு முடிவெடுத்துத் தந்தது தமிழ் எழுத்துத்தான். அந்தக் கதையை நான் முதலில் சொல்கிறேன், பிறகு நீங்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

தொடக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 மட்டும்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது பல தமிழ்ச் செய்தித் தளங்கள் யுனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு வரவில்லை. பாமினி மாதிரி ஏதாவது ஓர் எழுத்துருவில் எழுதி, பக்கத்தோடு அந்த எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும். அப்படி அனுப்பும் கோப்பு வகை மைக்ரோசொஃப்ட்டுடையது. அதனால் எக்ஸ்ப்ளோரரில் தமிழ் தெரியும். அதே பக்கத்தைப் பயர்பொக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் அம்மாமார் காலையில் செய்தி பார்க்க வருவார்கள். அவர்களுக்குப் பயர்பொக்ஸைக் காட்ட முடியுமா?

ஆனால் எக்ஸ்ப்ளோரரில் வைரஸ் தொல்லை தாங்க முடியவில்லை. ஒரு தளத்தைத் திறந்தால் நாலு விளம்பர ஜன்னல்கள் குதிக்கும், அதில் ஒன்றைத் தவறித் தட்டினால் போதும். வாரத்துக்கு ஒரு மெஷினாவது புதிதாக விண்டோஸ் போட வேண்டி வந்தது. எழுத்துக்கு ஒரு பிரவுசர், பாதுகாப்புக்கு ஒரு பிரவுசர் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் சின்னத்தைக் காட்டி, "செய்திக்கு நீல 'e', மெயிலுக்கு நரி" என்று சொல்லிக்கொடுத்தேன்.

பயர்பொக்ஸுக்குப் 'பத்மா' என்று ஒரு நீட்சி, அதாவது பிரவுசரோடு சேர்க்கும் சின்ன நிரல், இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். பழைய எழுத்துருப் பக்கங்களை அது யுனிகோடாக மாற்றிக் காட்டும். எல்லாத் தளத்துக்கும் வேலை செய்யாது. வேலை செய்த தளங்களில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது.

யுனிகோட் வந்ததும் வேறு சிக்கல். எக்ஸ்பியில் பிராந்திய, மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் டிக் போட்டு, விண்டோஸ் சீடியைச் செருகினால்தான் தமிழ் ஒழுங்காக வரும். ஆறு மெஷினுக்கும் அதைச் செய்தேன். சரி, இனி நிம்மதி என்று பார்த்தால், பயர்பொக்ஸ் 2இல் சில வலைப்பதிவுகள் மட்டும் துண்டு துண்டாகத் தெரிந்தன. கொம்பு தனியே, எழுத்து தனியே, கால் தனியே. பந்தியின் இரண்டு ஓரங்களையும் நேராக்கி அமைத்த பக்கங்களில்தான் இது வரும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. ஓரத்தைச் சமப்படுத்த எழுத்துகளுக்கு நடுவே இடம் விடும்போது, சேர்ந்து நிற்க வேண்டியவற்றையும் அது பிரித்துவிட்டது.

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் தினமும் வருவார். அவருக்கு வலைப்பதிவு வாசிப்பதில் அப்படியொரு ஆசை. ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு, "மனே, கொம்பையும் காலையும் நான் சேர்த்து வாசிச்சிடுவன். சின்னப் பிள்ளையள் இதப் பாத்துத் தமிழ் படிச்சா என்ன செய்யிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

2008 ஜூன் 18ஆம் திகதி காலை கடையைத் திறந்ததும் பயர்பொக்ஸ் 3ஐ இறக்கினேன். முதல் 24 மணி நேரத்தில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட தரவிறக்கம் என்று கின்னஸில் ஏறியது அந்தப் பதிப்புத்தான். அதில் ஒன்று புளியந்தீவில் இறங்கியது. முதல் வேலையாக அந்த உடைந்த வலைப்பதிவைத் திறந்தேன். எழுத்தெல்லாம் சேர்ந்து நின்றது. வாத்தியார் வரும்வரை அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன். அவர் வந்து முழுப் பந்தியையும் சத்தமாக வாசித்தார். அன்றிலிருந்து இன்றுவரை எனக்குப் பயர்பொக்ஸ்தான்.

வட்டைக்காற்று, சம்மாந்துறை:

நானாமார் கொம்பியூட்டரில் பட்ட பாட்டை நான் போனில் பட்டேன். 2010இல் என்னிடம் இருந்தது பட்டன் வைத்த ஒரு சின்ன ஜாவா போன். அதில் தமிழ் எழுத்தே கிடையாது, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பெட்டி பெட்டியாகத்தான் வரும். வேளாண்மைக் காலத்தில் வாப்பாவோடு வட்டையில் காவலுக்குப் போவேன். வாடியில் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும், யானை வரும். கையில் போன் இருந்தும் வாசிக்க ஒன்றுமில்லை.

கம்பஸ் படித்த ஒரு மச்சான்தான் ஒபேரா மினி என்ற போன் பிரவுசரில் ஒரு வழி காட்டினான். முகவரி எழுதும் இடத்தில் 'ஒபேரா' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி போட்டு, 'கொன்பிக்' என்று எழுதினால் மறைந்திருக்கும் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று கேட்கும் ஒரு வரி. அதற்கு 'யெஸ்' கொடுத்துச் சேமித்தால், போனில் எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் வந்துவிடும். எப்படியென்றால், ஒபேரா மினியில் பக்கத்தை முதலில் இறக்குவது நம்முடைய போன் கிடையாது. ஒபேராவின் சேர்வர் இறக்கி, சுருக்கி, நமக்கு அனுப்பும். அந்தச் சேர்வரே தமிழைப் படமாக வரைந்து அனுப்பிவிடும்.

அன்று இரவு வாடியில் குந்தியிருந்து நான் வாசித்தது ஒரு சாதாரண சமையல் குறிப்பு. இருந்தும் விடியும்வரை வாசித்துக்கொண்டே இருந்தேன். எழுத்து படமாக வருவதால் டேட்டா கொஞ்சம் கூடப் போகும். அதனால் தமிழ் வாசிக்கும்போது மட்டும் 'யெஸ்', மற்ற நேரம் 'நோ' என்று மாற்றி மாற்றி வைப்பேன். 50 ரூபாய் ரீலோடில் எனக்கு அது பல நாள் ஓடியது.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் இன்னொருவரின் சேர்வர் வழியாகப் போய் வருவதால், அதில் வங்கிக் கணக்கு மாதிரி விஷயங்களை நான் ஒருநாளும் திறந்ததில்லை. இப்போது பெரிய போன் இருக்கிறது, குரோம் பாவிக்கிறேன். நாலு வருடமாகக் குரோமைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கதையும் இல்லை. நன்றாக ஓடுகிறது.

அறுகம்பே அலை:

நான் போனோடு வந்த சாம்சங் இன்டர்நெட்டையே பாவிக்கிறேன். விளம்பரத் தடுப்பியை அதில் சேர்த்துக்கொள்ளலாம், இரவில் பின்னணி கறுப்பாகிறது. விடுதி வேலைக்கு அது போதும்.

கல்முனைத் திருத்துநர்:

பழைய மடிக்கணினிகளைத் திருத்துவது என் தொழில். 2020இல் பாடசாலை மூடியபோது பிள்ளைகளின் ஒன்லைன் படிப்புக்கென்று எங்கிருந்தோ வாங்கிய பழைய மெஷின்கள் எங்கள் பக்கத்து வீடுகளில் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். "குரோம் திறக்கவே அஞ்சு நிமிஷம் எடுக்குது தம்பி" என்றுதான் கொண்டு வருவார்கள்.

குரோம் 2008இல் வந்தபோது அதன் பெரிய புதுமை, ஒவ்வொரு டாப்பையும் தனித் தனிச் செயலியாக ஓட்டியது. ஒரு டாப் தொங்கினாலும் மற்றது சாகாது. நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு ராம் வேண்டும். 2 ஜிபியில் ஐந்தாறு டாப் திறந்தால் மெஷின் மூச்சு வாங்கும். அதோடு விண்டோஸ் 7க்குக் குரோம் தந்த கடைசிப் பதிப்பு 109, அது 2023 தொடக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு புதுப்பிப்பு இல்லை.

அப்படிப்பட்ட மெஷின்களுக்கு நான் பயர்பொக்ஸ் 115இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். குரோம் கைவிட்ட பிறகும், பயர்பொக்ஸைச் செய்யும் மொஸில்லா அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து கொடுத்தது. கொடுக்கும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: பிரவுசர் புதிதானாலும் கீழே இருக்கும் விண்டோஸ் பழையதுதான், இதில் வங்கி வேலை வேண்டாம். வேறு மெஷின் வாங்க முடியாதவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தரட்டுமா என்றும் கேட்பேன். பத்தில் ஒருவர் சம்மதிப்பார்.

கல்லடிப்பாலம் அண்ணா சொன்ன உடைந்த எழுத்து இப்போது வருவதில்லை, கவனித்தீர்களா? பயர்பொக்ஸ், குரோம் இரண்டும் 'ஹார்ஃப்பஸ்' என்ற ஒரே திறந்த மென்பொருளைக் கொண்டுதான் எழுத்துகளைக் கோக்கின்றன. கொம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும், கால் எங்கே சேர வேண்டும் என்பதெல்லாம் அதன் வேலை. எட்ஜ், ஒபேரா, பிரேவ், சாம்சங் எல்லாம் குரோமின் அடிப்படையான குரோமியத்தில் கட்டியவை, அதனால் அவற்றிலும் அதேதான்.

ஒலுவில் மாணவி:

பிரவுசரில் எனக்குப் பிடித்ததைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உயர்தரம் எழுதிய வருடம், பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். மெயிலைத் திறந்து, ஆவணங்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று அந்தப் பிரவுசர் கேட்டதும், அவசரத்தில் நான் 'ஆம்' தட்டியதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து என் மெயிலிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் பணம் கேட்டுக் கடிதம் போயிருந்தது. உம்மா அழுதுவிட்டார். பாஸ்வேர்டை மாற்றி, எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்து விளக்கம் சொல்லி முடிக்க ஒரு கிழமை போனது.

அதற்குப் பிறகு கடைக் கொம்பியூட்டரில் தனிப்பட்ட ஜன்னலைத் திறக்காமல் நான் எதுவும் செய்வதில்லை. பயர்பொக்ஸில் கொன்ட்ரோல், ஷிப்ட், பி. குரோமிலும் எட்ஜிலும் கொன்ட்ரோல், ஷிப்ட், என். மூடியதும் வரலாறும் உள்நுழைவும் போய்விடும். ஆனால் இறக்கிய கோப்பு 'டவுன்லோட்ஸ்' கோப்புறையிலேயே கிடக்கும். அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள் எதை இறக்கினாலும் நீங்களே தேடி அழித்துவிட்டு வாருங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும். இதை என் தங்கைமார் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

போனில் எனக்குப் பயர்பொக்ஸ். ஆண்ட்ரொய்டில் விளம்பரத்தைத் தடுக்கும் 'யூபிளொக் ஒரிஜின்' நீட்சியை அதில் சேர்க்கலாம், குரோமில் முடியாது. விடுதியில் மாத டேட்டாவை அளந்து அளந்து பாவிப்பவர்களுக்கு விளம்பர வீடியோ ஓடாமல் இருப்பதே பெரிய உதவி.

திருக்கோவில் ரீச்சர்:

எங்கள் அப்பாவுக்கு 76 வயது. சீனி வருத்தத்தால் இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. பத்திரிகையை மூலை முடுக்கெல்லாம் வாசித்த மனிதர், வெறுமனே கதிரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் பாடசாலை முடிந்து வந்து வாசித்துக் காட்டுவேன். அரை மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும்.

என் மாணவன் ஒருவன்தான் மைக்ரோசொஃப்ட் எட்ஜில் சத்தமாக வாசிக்கும் வசதி இருப்பதைச் சொன்னான். கொன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தொடங்கும். குரல்களின் பட்டியலில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனியாக இருக்கிறது. இலங்கைக்கு இரண்டு குரல்: சரண்யா, குமார். நான் சரண்யாவைத் தெரிந்தேன். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆரு பிள்ளை இது, உன்னோட படிப்பிக்கிறவவா?" என்றார். கொம்பியூட்டர் என்று சொல்லியும் அவர் முதல் நாள் நம்பவில்லை.

சில குறைகள் இருக்கின்றன. இந்தக் குரல்களுக்கு இணைய இணைப்பு வேண்டும், லைன் விட்டு விட்டு வந்தால் வாசிப்பும் நின்று நின்று வரும். விளம்பரமும் பட்டியலும் நடுவில் புகுந்தால் அதையும் வாசித்துவிடும். அதனால் முதலில் எஃப் 9 அழுத்தி வாசிப்புப் பார்வைக்கு மாற்றிவிடுவேன். அதில் கட்டுரை மட்டும் மிஞ்சும். எல்லாப் பக்கத்திலும் அது வராது, வரும் பக்கத்தில் அப்பாவுக்கு நிம்மதி.

அவருக்குப் பெரிய ஆசை 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இருக்கும் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளைக் கேட்பது. அங்கேதான் தடங்கல். பல பழைய இதழ்கள் ஒளிவருடி எடுத்த படங்கள், உள்ளே எழுத்து இல்லை, எட்ஜால் வாசிக்க முடியாது. அவற்றை மட்டும் இன்னும் நான்தான் வாசிக்கிறேன். சனி, ஞாயிறு பின்னேரம் கடற்கரைப் பக்கம் கதிரையைப் போட்டு, ஒரு சிறுகதையாவது.

கல்லடிப்பாலம்:

ரீச்சர், நீங்கள் எழுதியதை நேற்று இரவே வாசித்துவிட்டேன். நான் சொன்ன வாத்தியார் இப்போதும் இருக்கிறார், வயது 90ஐத் தாண்டிவிட்டது. பார்வை அவருக்கும் இல்லை. காலையில் என் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பயர்பொக்ஸ்காரன் முதல் தடவையாக எட்ஜைத் திறந்தேன். அவர் 2008இல் வாசித்த அந்த வலைப்பதிவு இன்னும் அழியாமல் கிடக்கிறது. அதே பந்தியைக் குமார் குரலில் போட்டேன்.

அவர் கையால் நிறுத்தச் சொன்னார். வேகம் கூட என்கிறார். அதைக் குறைப்பது எங்கே?

திருக்கோவில் ரீச்சர்:

மேலே வாசிப்புப் பட்டையின் வலது பக்கத்தில் குரல் தெரிவுகள் என்று இருக்கும் அண்ணா. அதைத் திறந்தால் வேகத்துக்கு ஒரு கோடு வரும், இடது பக்கம் கொஞ்சம் இழுங்கள். எங்கள் அப்பாவுக்கு நடுவிலிருந்து ஒரு படி கீழே வைத்திருக்கிறேன். ஐயாவுக்கு இன்னும் ஒரு படி குறைத்துப் பாருங்கள்.