வெளியே பளபளப்பு, உள்ளே துரு: பத்மினியின் மறுபக்கத்தைக் காப்பது எப்படி?

கேள்வி (குன்னூர்)
வணக்கம். அப்பா 1984இல் வாங்கிய பிரீமியர் பத்மினியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிங்கரிங் செய்து, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டிகளுக்குப் புதுத் தகடு வைத்து, பெயிண்ட் அடித்தோம். இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு வலப்பக்கச் சில் மடிப்பிலிருந்து தேநீர் நிறத்தில் நீர் கசிந்து, வெள்ளைப் பெயிண்டின் மேல் கோடாக இறங்குகிறது. விரல் மடக்கித் தட்டினால் உள்ளே மணல் உருள்வது போலக் கேட்கிறது. ஆனால் மேலே ஒரு கொப்புளம்கூட இல்லை. பழைய என்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றச் சொல்கிறார்கள். இடப்பக்கத்தையாவது காப்பாற்ற விரும்புகிறேன். என்ன செய்யலாம்?

பதில் (கோத்தகிரி)
ஐயா, வெல்டிங் சூட்டில் தகட்டின் பின்புறத்துப் பிரைமர் எரிந்துவிடும். பெட்டியை மூடிய பிறகு அந்த இடத்துக்குப் பிரஷ் எட்டாது. பகலில் உள்ளே புகும் ஈரக்காற்று, இரவில் தகடு குளிரும்போது நீர்த்துளியாகப் படிவதால், நம் மலையில் மழை நுழையாமலே துரு பிடிக்கும்.

முதலில் வடிகால் துளைகளைப் பாருங்கள். பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையும், வண்டியின் அடிப்பாகத்தில் பூசும் அண்டர்கோட்டும் அவற்றை அடைத்திருப்பதைப் பல வண்டிகளில் கண்டிருக்கிறேன். அவற்றைத் திறந்து, பெட்டி நன்றாகக் காய்ந்த பிறகு, கைபேசியில் இணைக்கும் எண்டோஸ்கோப் கேமராவால் உள்ளே பார்த்துவிட்டு, கேவிட்டி வேக்ஸ் (மூடிய பெட்டிகளுக்குள் துருவைத் தடுக்கப் பீய்ச்சும் மெழுகு) அடியுங்கள். டப்பாவைச் சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் மெழுகு இளகி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குக்குள்ளும் ஊறும். நுனியில் சுற்றிலும் பீய்ச்சும் குழாயைக் கடைசிவரை செலுத்தி, அடித்தபடியே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். மறுநாள் வடிகால் துளைகளை ஒரு குச்சியால் மறுபடி திறந்துவிடுங்கள். இதை மறந்தால் செய்த வேலை முழுவதும் வீண். வெல்டிங்கும் பெயிண்டும் முடிந்த பிறகே மெழுகு அடிக்க வேண்டும், ஏனெனில் மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. வெல்டிங் பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

பதில் (உதகை)
பழைய ஆயில் வேண்டாம். அது ரப்பரை ஊறச் செய்யும், வடிந்தும் போய்விடும். நுரை அடைக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நுரைக்கும் தகட்டுக்கும் நடுவே நீர் தேங்கும். மணல் ஒலி கேட்கும் வலப்பக்கத்தை வெட்டித் திறந்துதான் பார்க்க வேண்டும். உதிரும் துருவின் மேல் மெழுகு அடிப்பதில் பயனில்லை.

கேட்டவர் (குன்னூர்)
மிக்க நன்றி. இன்று இடப்பக்கக் கதவின் அடித்துளையைக் குத்தியதும், ஒரு டம்ளர் நீரும் மக்கிய சில்வர் ஓக் இலைகளும் வந்தன. மார்கழியிலேயே மெழுகு அடிக்கலாமா?

பதில் (கோத்தகிரி)
கண்ணாடியை ஒட்டி இறங்கிய நீர்தான் அது. எந்தக் கதவுக்குள்ளும் இறங்கும், வெளியேற வழி இருந்தால் போதும். மெழுகுக்குப் பிப்ரவரி வரை பொறுங்கள். தொடர்ந்து நான்கைந்து நாள் வெயில் அடித்த பிறகு, நண்பகலில் தகடு கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது அடியுங்கள். அதுவரை துளைகள் திறந்தே இருக்கட்டும்.