முன்பணப் பாக்கியைத் தள்ளிவிடச் சொல்வது கர்த்தரா, என் மனமா?

தறிப்பட்டறை, பள்ளிபாளையம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். அப்பா காலத்திலிருந்து எட்டுத் தறி வைத்து ஓட்டுகிறோம். ஏழு வருஷமாக ஒரு குடும்பம் என்னிடம் வேலை செய்கிறது. கணவர் தறி ஓட்டுகிறார், மனைவி தார் போடுகிறார், அதாவது நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூலைக் கட்டையில் சுற்றுகிறார். மேச்சேரிப் பக்கத்து ஊர்க்காரர்கள். வந்தபோது 60,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். நடுவில் மகளின் காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு, தாயாரின் சாவு என்று மேலும் வாங்கியதில் இன்றும் 47,000 நிற்கிறது.

இரண்டு மாதமாக அவருக்கு இருமல் விடவில்லை. பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்குப் போய் ஆடு வளர்த்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று சனிக்கிழமை கூலி வாங்கும்போது கேட்டார். "பாக்கியைக் கட்டிவிட்டுப் போங்கள்" என்றேன். அவர் பதில் பேசவில்லை. நாடாவில் தாரை மாற்றித் தறியை மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் ஆராதனையில் வாசித்த பாடம் மத்தேயு 6. ஆலயத்தில் நாங்கள் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் 'குற்றங்களை மன்னியும்' என்றுதான் வரும். வேதத்தில் இருப்பதோ, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." நாற்பது வருஷமாகக் காதில் விழுந்த வசனம்தான். அன்றைக்குத்தான் 'கடனாளி' என்ற சொல்லுக்கு ஒரு முகம் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பிரித்தேன். பக்கத்தின் தலையில் 'கர்த்தர் துணை' என்று என் கையெழுத்து. அதன் கீழே அவர் பெயர். அதன் கீழே 47,000.

இது தேவன் பேசுவதா, என் மனம் இளகியதா? இவரை விட்டால் பட்டறையில் வேலை செய்யும் மற்ற இருவரும் கேட்பார்கள். வங்கிக் கடன் வேறு இருக்கிறது. ஆலயச் சுற்றுச்சுவருக்கு 50,000 தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) செய்திருக்கிறேன். அதைச் செலுத்தினால் கீழ்ப்படிந்ததாகாதா?

குமாரபாளையத்துக்காரன்

தம்பி, நானும் தறிக்காரன்தான், விசுவாசிதான். 2011-இல் ஒருவருக்கு 30,000 தள்ளிவிட்டேன். மறு வாரமே அடுத்த தெருப் பட்டறையில் முன்பணம் வாங்கிக்கொண்டு சேர்ந்துவிட்டார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவரும் ஆண்டவர்தான். நூல் விலை ஏறுவதும் இறங்குவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. பாதியைத் தள்ளுங்கள், மீதிக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவரும் பிழைப்பார், நீங்களும் பிழைப்பீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபி

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். குரல் யாருடையது என்று கேட்கிறீர்கள். எழுதப்படாத காரியத்தில் அந்தக் கேள்வி வேண்டும். இந்த வேலையை ஏற்பதா, அந்த ஊருக்குப் போவதா என்பதற்கெல்லாம் காத்திருந்து ஜெபிக்கலாம். வசனம் வெளிப்படையாக இருக்கும் இடத்தில் இன்னொரு குரலுக்குக் காத்திருப்பது, கேட்டதைக் கேளாததுபோல் இருக்க நாம் கண்டுபிடித்த வழி. நானே பல வருஷம் அப்படி இருந்தேன். என் தங்கையோடு காணித் தகராறு. ஒப்புரவாகு என்பது எனக்குத் தெரியாதா? 'ஆண்டவர் இன்னும் பேசவில்லை' என்று பதினோரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொருத்தனையைப் பற்றி. 1 சாமுவேல் 15-ஐ எடுத்துப் பாருங்கள். சவுல் ராஜா சாமிக்கு ஒன்றும் கொடுக்காதவன் அல்லவே. நல்ல ஆடுகளைப் பலியிடத்தான் வைத்தது என்றான். ஆனால் எதிரியின் ஆடுமாடுகள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு வந்த கட்டளை. அதை நிறைவேற்றிவிட்டேன் என்று அவன் சொன்னபோது, சாமுவேல் கேட்டது ஒன்றுதான்: அப்படியானால் என் காதில் விழுகிற இந்த ஆடுகளின் சத்தம் என்ன? உங்கள் பட்டறையில் கேட்கிற இருமல் அந்தச் சத்தம். பொருத்தனையைக் கைவிடச் சொல்லவில்லை. செலுத்துங்கள், தாமதமானால் ஆயரிடம் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் இதற்குப் பதில் அது என்று மட்டும் ஆக்காதீர்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை ஆண்டவர் கண்டித்தாரே.

உபாகமம் 15-ஐயும் படியுங்கள். அடிமையை ஏழாம் வருஷத்தில் விடுவிப்பதோடு அது நிற்கவில்லை. வெறுங்கையாய் அனுப்பாதே, உன் மந்தையிலும் களத்திலும் எடுத்துக் கொடு என்கிறது.

தார்க்காரி மகன், திருப்பூர்

நான் ஆலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவன் இல்லை. ஆனாலும் இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா தார் போட்டவர். பட்டறைக்குள் சேலைத் தொட்டிலில் வளர்ந்தேன். தறிச் சத்தத்தில் தூங்குவேன், மின்சாரம் போய்த் தறி நின்றால் அழுவேன் என்று அம்மா சொல்வார். சனிக்கிழமை முதலாளி நோட்டைப் பிரிப்பார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எவ்வளவு நிற்கிறது என்று கேட்கவும் மாட்டார், கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துவிடுவார் என்ற பயம். ஒரு தீபாவளிக்கு மறுநாள் வேறு முதலாளி வந்து எங்கள் பாக்கியைக் கட்டினார். கடன் தீர்ந்தது என்று நினைத்தேன். அவருடைய பட்டறைக்குப் பாய் தலையணையோடு நடந்து போனோம். பாக்கி புது நோட்டில் ஏறியிருந்தது.

குமாரபாளையத்து அண்ணா, நீங்கள் தள்ளிவிட்டவர் அடுத்த வாரம் வேறு முன்பணம் வாங்கியது உங்களை ஏமாற்ற அல்ல. எங்களுக்கு வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் வேறு வாசல் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாக்கி தீரும்வரை போகக் கூடாது என்று ஒருவரை நிறுத்தி வைப்பதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்றே அது சொல்கிறது. உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை, ஐயா. தள்ளிவிடும்போது தருமம் செய்ததாக அவரிடம் பேசிவிடாதீர்கள்.

தறிப்பட்டறை, பள்ளிபாளையம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கோபி அம்மாவுக்கும் திருப்பூர்த் தம்பிக்கும் நன்றி. தம்பியின் கடைசி வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து நோட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். ஏழு வருஷத்து வரவு பற்று முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஒரு தீபாவளிப் போனஸை வரவு வைக்கவில்லை என்று அந்த அம்மா சொன்னார். அவர் சொன்னது சரி. அது எனக்கும் மறந்துபோயிருந்தது. இவ்வளவு நாள் அவர் மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, பக்கத்தின் குறுக்கே கோடு போட்டேன். அவர் அதை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

புறப்படும்போது இரண்டு மேச்சேரி ஆட்டுக்குட்டி வாங்கும் அளவுக்குப் பணம் கொடுத்தேன். ஆயரிடம் பொருத்தனை தள்ளிப்போகும் என்று சொன்னேன், சரி என்றார். ஊருக்குப் போனவர் ஓட்டிய தறிகள் இன்னும் நிற்கின்றன, ஆள் கிடைக்கவில்லை. இந்த மாதத் தவணைக்கு மனைவியின் வளையலை அடகு வைத்திருக்கிறேன்.

இன்று காலை மற்ற இருவரும் தங்கள் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.