ஜேபிஜி படம் பகிரப் பகிரத் தேயுமா?

கல்லெழுத்து: கல்வெட்டுப் படங்கள் போடும் வாட்சப் குழுவில் நேற்று ஒருவர் உத்தரவே போட்டுவிட்டார்: “ஜேபிஜி படம் பகிரப் பகிரத் தேயும். இனி தேயாத பிஎன்ஜி வகைப் படம் மட்டும் போடவும்.” யார் கிளப்பிவிட்ட புரளி இது? கோப்பை எத்தனை முறை நகலெடுத்தாலும் ஒரு பிட் கூட மாறாது. திருத்தி மறுபடி ஜேபிஜியாகச் சேமித்தால்தான் தரம் குறையும்.

ஃபிலிம்ரோல்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லப் பயமா தம்பி? ஃபிலிம் கழுவிய கை இது, எனக்கே பாடமா? நான் எடுத்த உத்திரமேரூர்க் கல்வெட்டுப் படம் நாலு குழு சுற்றித் திரும்பி வந்தது. எழுத்தெல்லாம் நமுத்துப்போன அப்பளம் மாதிரி இருக்கிறது. தேய்கிறது என்றால் தேய்கிறது.

வைகைக்கரை: ஐயா, அது வாட்சப் செய்யும் வேலை. அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும். நீங்கள் பிஎன்ஜி போட்டாலும் அந்தப் பக்கம் ஜேபிஜியாகத்தான் இறங்கும். ‘ஆவணம்’ என்று அனுப்பினால் அப்படியே போகும்.

ஃபிலிம்ரோல்: ஆக, தேய்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.

கல்லெழுத்து: அவர் எங்கே ஒப்புக்கொண்டார்? 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கத்தைக் கழித்துவிட்டுச் சேமிப்பதுதான் ஜேபிஜி. 1992இல் தரநிலையாக வந்ததிலிருந்து அப்படித்தான். எழுத்தின் ஓரத்தில் அது பல்லிளிக்கும், சரி. ஆனால் கழிவது சேமிக்கும்போது, பகிரும்போது அல்ல. அப்புறம், உங்கள் படத்தில் எழுத்து தெரியாததற்குக் காரணம் குறுக்கே பெரிதாகக் கிடக்கும் உங்கள் பெயர். மூன்றாம் வரி முழுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஃபிலிம்ரோல்: பெயர் போடாவிட்டால் மறுநாளே எவனாவது ‘எங்கள் களப்பணி’ என்று போடுகிறான். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுள் முழுக்க உரிமை, அதன்பின் 60 ஆண்டு. சட்டமே என் பக்கம். கல்லில் கோலமாவு பூசிப் படமெடுத்தவர் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

கல்லெழுத்து: கோலமாவு இல்லை, சாக்பீஸ். பூசியதும் நான் இல்லை, கூட வந்தவர்.

சும்மாவந்தேன்: சாக்பீஸ் என்றால் பரவாயில்லையா? பக்கவாட்டில் ஒரு டார்ச் அடித்தால் எழுத்து தானே எழுந்து நிற்கும். உங்களை மாதிரி ஆட்களால்தான் கோயிலில் கேமராவைக் கண்டாலே துரத்துகிறார்கள்.

வைகைக்கரை: சண்டை அப்புறம். அந்த மூன்றாம் வரியில் இருப்பது ‘ஏரி’யா ‘எரி’யா? அதற்காகத்தான் வந்தேன்.

ஃபிலிம்ரோல்: எப்படிச் சொல்வது? பழைய எழுத்தில் குறில் எகரத்துக்கு மேலே புள்ளி உண்டு, அது சுருக்கத்தில் போய்விட்டதே! இதைத்தானே காலையிலிருந்து கத்துகிறேன்.

கல்லெழுத்து: ஐயா, அந்தக் காலத்துக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளியே வெட்டமாட்டார்கள். எகரம், ஏகாரம் இரண்டும் ஒரே வடிவம், இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஏரியைப் பார்த்துக்கொள்ள ‘ஏரி வாரியம்’ என்று குழுவே இருந்த ஊரில் வேறு எதை வெட்டியிருப்பான்? பராந்தகச் சோழன் காலத்துச் சிற்பி விட்ட புள்ளிக்கு வாட்சப் மேல் பழியா?

ஃபிலிம்ரோல்: ‘பெரும்பாலும்’ என்றால் எல்லாவற்றிலும் இல்லை, அல்லவா? இதில் இருந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம். குழுவில் இனி பிஎன்ஜிதான். அட்மின் நான்.

வைகைக்கரை: ஆவணமாக அனுப்பச் சொன்னேனே, யாராவது படித்தீர்களா?

சும்மாவந்தேன்: ஆவணமாக அனுப்பினால் படத்தோடு ஜிபிஎஸ் இடக்குறிப்பும் சேர்ந்தே போகும். காட்டுக்குள் கிடந்த ஒரு நடுகல் படம் அப்படித்தான் வெளியே போனது. இப்போது ஞாயிறானால் அங்கே கூட்டம், கல் முழுக்க எண்ணெயும் குங்குமமும்.

ஃபிலிம்ரோல்: அந்த நடுகல் படத்தைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?

கல்லெழுத்து: தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்தப் புள்ளி இருக்கும் மூலப்படத்தைப் போடுங்கள், உங்கள் பெயர் இல்லாமல்.

ஃபிலிம்ரோல்: போடமாட்டேன். போட்டால் தேயும்.